ஓசைக்கு உறை செய்தான். அவன் உயிருக்கு உறை எங்கே?

திருவரங்கத்திலிருந்து புறப்படுகிற பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, சத்திரம் பேருந்து நிலையத்தைத் தொட்டு, திருச்சி நகருக்குள் நுழைகிறது. உள்ளே பாட்டு ஒலிக்கிறது. பாடியவர் யார் என்று பயணிக்குத் தெரியும். இசையமைத்தவர் யார் என்று தெரியும். எழுதியவர் யார் என்று பக்கத்து இருக்கைக்காரரோடு வாதாடவும் தெரியும். வண்டியின் முதலாளி யார் என்பதை வண்டியின் நெற்றியே சொல்லிவிடுகிறது. ஆனால், அந்தப் பாட்டு வந்து இறங்குகிற பெட்டியைச் செய்தவன் யார்? கதவின் வளைவோடு வளைவாய், கூரையின் நெளிவோடு நெளிவாய், தைத்த சட்டைபோலப் பொருந்தி நிற்கும் அந்த உட்பலகையை வார்த்தவன் யார்? தெரியாது! தெரிந்துகொள்ள வேண்டும் என்று எண்ணியவரும் இல்லை!

"விலைவாசி விண்ணை முட்டுகிறது, படித்த பிள்ளைகள் வேலைக்கு அலைகிறார்கள், இந்த நேரத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு கட்டுரையா?" என்று மேதாவிகள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! பெட்டியைப் பற்றியதல்ல என் கவலை. பெட்டியைச் செய்யும் கையைப் பற்றியது. அந்தக் கையில் ஏறும் அரிப்பைப் பற்றியது. அந்தக் கைக்கு உரியவனின் நுரையீரலில் இறங்கும் தூசியைப் பற்றியது. அவன் வார்த்த பலகைக்கு நடுவே அமர்ந்து பயணம் செய்கிற நம் அனைவருடைய உயிரையும் பற்றியது. அது சிறிய சேதி என்றால், பெரிய சேதி எதுவோ, அந்த மேதாவிகள்தாம் சொல்ல வேண்டும்!

கண்ணாடி நூலாகிறது

கண்ணாடி என்றால் உடையும். இது பாட்டி சொல்லித் தந்த பாடம். அதே கண்ணாடியை உருக்கி, நுண்துளை வழியே இழுத்து, தலைமயிரினும் மெல்லிய இழையாக்கி, அந்த இழைகளைப் பாய்போலப் பரப்பி, 'ரெசின்' என்கிற பிசினில் ஊறவைத்து இறுக விட்டால், உடைவதாவது ஒன்றாவது! இரும்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், துருப்பிடிக்காது, சொன்ன வடிவத்துக்கு வளையும். பட்டறையில் இதற்குப் பெயர் 'ஃபைபர்'. தனியே விட்டால் இழை துவளும். தனியே விட்டால் பிசின் நொறுங்கும். இரண்டும் கூடினால் இழுவையை இழை தாங்குகிறது. இழை பிரியாமல் பிசின் பிடித்துக்கொள்கிறது. கூடி நின்றால் வலிமை என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதைப் பேசாமலே செய்து காட்டுகிற பொருள் இது!

1930களில் அமெரிக்காவில் கண்ணாடி இழையைத் தொழிற்சாலை முறையில் இழுக்கத் தொடங்கினார்கள். 1953இல் செவர்லே நிறுவனம் 'கார்வெட்' என்ற காரின் உடல் முழுவதையும் ஃபைபரிலேயே செய்து வெளியிட்டது. அந்த முதல் ஆண்டில் வந்தவை 300 வண்டிகளே. நம் பக்கத்தில், பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் 'டால்பின்' என்ற சிறு காரை ஃபைபர் உடலோடு ஓடவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதா? இல்லை! கட்டுமரம் ஏறிய நம் மீனவத் தோழர் இன்று ஏறுவது ஃபைபர் படகு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரை நெடுக ஃபைபர் படகுப் பட்டறைகள் முளைத்ததைக் கண்டோம். திருச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் கரூர் இருக்கிறது. பஸ் பாடி கட்டுவதில் தென்னாடே திரும்பிப் பார்க்கும் ஊர். அங்கே பேருந்தின் முகப்பும் பின்புறமும் உட்பலகைகளும் ஃபைபரில் வார்க்கப்படுகின்றன. சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2018இல் 'வந்தே பாரத்' ரயிலின் முதல் தொடரைக் கட்டி முடித்ததே, அதன் உள்ளே பயணியின் தோள் உரசுகிற பலகைகளும் இந்த இனந்தான்.

ஆக, கடலில் மிதப்பதும் இது. தண்டவாளத்தில் பறப்பதும் இது. சாலையில் பாடுவதும் இது. ஆனால் ரயிலுக்குச் செய்தால் தொழில்நுட்பம், காருக்குச் செய்தால் பட்டறை வேலை! அங்கே செய்பவர் பொறியாளர். இங்கே செய்பவன் 'ஃபைபர்காரன்'! பொருள் ஒன்று, பெயர் இரண்டு. இது என்ன நியாயம்?

பெட்டிக்குள் இருக்கிறது விஞ்ஞானம்

"அண்ணே, டிக்கியில சாமான் வைக்கிற இடம் ஒரு சாண்கூடக் குறையக் கூடாது. ஆனா அடி மட்டும் நெஞ்சுல வந்து விழணும்" என்கிறார் வண்டிக்காரர். "நாலு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க தம்பி" என்கிறார் பட்டறைக்காரர். அந்த நாலு நாளில் நடப்பதைச் சற்றுப் பாருங்கள்.

சக்கரத்துக்கு மேலே, டிக்கியின் ஓரத்தில், எதற்கும் உதவாத ஒரு மூலை உண்டு. அந்த மூலையை டேப் ஒட்டி மூடுகிறார். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசினைத் தடவுகிறார். இறுகியதும் பெயர்த்தெடுத்தால், மூலையின் வடிவம் அச்சு அசலாகக் கையில்! ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தை எம்.டி.எஃப். பலகையில் அறுத்து, பயணியை நோக்கிச் சாய்த்து, குச்சிகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார். அதன்மேல் பனியன் துணியை இழுத்துக் கட்டுகிறார். துணி தானே வளைந்து ஒரு வடிவம் கொள்கிறது. அதன்மேல் ரெசின், அது இறுகியபின் உட்புறத்தில் பாய்மேல் பாய். வெளியே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெக்சின் ஒட்டுகிறார், அல்லது வண்ணம் அடிக்கிறார். கதவுப் பலகைக்கும் கூரைப் பலகைக்கும் டாஷ்போர்டுக்கும் சிற்சில மாற்றங்களோடு இதே வழிதான். ஒரே அச்சில் பலவற்றை வார்க்க வேண்டுமானால், முதலில் மாதிரி, மாதிரியிலிருந்து அச்சு, அச்சுக்கு மெழுகு, மெழுகின்மேல் ஜெல்கோட், பிறகு பாய் என்று படிப்படியாகப் போகும்.

கணக்கு இல்லையா இதில்? இருக்கிறது! ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், கீழ்ச்சுரம் காணாமற்போகும். சந்திக்காமல் தடுப்பதே பெட்டியின் வேலை. எத்தனை லிட்டர் காற்று உள்ளே இருக்க வேண்டும் என்பதும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். பத்து அங்குல சப்வூஃபர் ஒன்றுக்கு மூடிய பெட்டி என்றால் பெரும்பாலும் 15 முதல் 25 லிட்டர் வரை. கோணலும் வளைவுமான பெட்டியை அளவுகோலால் அளக்க முடியுமா? மணலோ தெர்மாகோல் மணியோ கொட்டி நிரப்பி, அதை வெளியே எடுத்து லிட்டர் கணக்குப் பார்க்கிறார். ஊசிமுனைத் துளை இருந்தாலும் பெட்டி சீறும். துளையைத் தேடி அடைக்கிறார்.

திருச்சிக்குக் கிழக்கே தஞ்சையில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள். வீணையின் குடம் அதிர வேண்டும். அதிர்ந்தால்தான் அது வீணை. ஸ்பீக்கர் பெட்டியோ அதிரவே கூடாது. அதிர்ந்தால் பாட்டோடு பெட்டியும் பாடத் தொடங்கிவிடும். அதிர வைப்பது ஒரு கலை. அதிராமல் அடக்குவது இன்னொரு கலை. முதற்கலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்கிறோம். இரண்டாம் கலைக்கு ஒரு முகமூடிகூடக் கிடைக்கவில்லையே, அதற்கு என்ன சொல்ல?

சத்தம் யார் குற்றம்?

"போகட்டும், இவர்கள் செய்யும் பெட்டியால்தானே ஊரே அதிர்கிறது? இவர்களுக்குப் பரிந்து பேசலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி, நேரான பதில் தருகிறேன்.

ஊர் செவிடாகக் கூடாது. அதில் இரண்டு கருத்து இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று அளவு குறித்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே பகலில் 50, இரவில் 40. தொழிற்கூடத்தில் 85 டெசிபல் ஓசைக்கு நடுவே எட்டு மணி நேரத்துக்குமேல் இருக்கலாகாது என்பது வல்லுநர் வகுத்த வரம்பு. மூன்று டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு மணி, 100இல் கால் மணி! பயணி அரை மணியில் இறங்கிவிடுகிறார். காலை முதல் இரவு வரை அந்தப் பெட்டிக்குக் கீழே அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் செவி என்னாகும்? நடத்துநரின் செவி என்னாகும்?

ஆனால் ஓசையைக் கூட்டுவது பெட்டியல்ல; பொத்தானைத் திருகும் விரல்! நன்றாகச் செய்த பெட்டி குறைந்த ஓசையிலேயே கீழ்ச்சுரத்தைத் தெளிவாகத் தரும். மோசமாகச் செய்த பெட்டியில்தான் தெளிவுக்காக ஓசையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நல்ல கைவினை சத்தத்துக்குப் பகை. அரைகுறை வேலையே சத்தத்துக்குத் துணை.

இன்னொன்றும் சொல்கிறேன், நம்மவர்களும் கேட்க வேண்டியது. தேர்தல் வந்தால் கோவைப் பட்டறைகளில் தலைவர்களுக்குப் பிரசார வேன் தயாராகிறது. படத்தோடு பத்திரிகைகளில் சேதி வருகிறது. வேனின் உட்பலகை, இருக்கை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் பட்டறைத் தொழிலாளியின் உழைப்பு. மேடையும் மைக்செட்டும் இல்லாமல் வளர்ந்த கட்சி தமிழ்நாட்டில் எது? தொழிலாளர் உரிமையை அந்த ஒலிபெருக்கியில் முழங்குகிற நாம், அந்த ஒலிபெருக்கிக்குக் கூடு செய்த தொழிலாளியின் உரிமையையும் அதிலேயே முழங்க வேண்டாமா?

மூச்சோடு வரும் நஞ்சு

இப்போது பட்டறைக்குள் வாருங்கள். தகரக் கொட்டகை. சித்திரை வெயில். உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை. அது ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி. பாலியெஸ்டர் ரெசினில் பத்தில் மூன்று நான்கு பங்கு அதுவே. கண் எரியும், தலை வலிக்கும், மயக்கம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்று ஐயப்பட்ட பட்டியலிலிருந்து ஸ்டைரீனை எடுத்து, 'பெரும்பாலும் உண்டாக்கும்' என்கிற கடுமையான பட்டியலுக்கு 2018இல் மாற்றியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து வேலை செய்பவன் முகத்துக்கு நேரே அது நிற்கும்! கூரையில் ஒரு விசிறி சுழல்வதால் பயனில்லை. தரைமட்டத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளும் விசிறி வேண்டும். வாயில் கட்டுகிற கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

அடுத்து, ரெசினை இறுகச் செய்யும் திரவம். அதன் நீண்ட பெயர் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. பட்டறைப் பெயர் ஹார்ட்னர். ரெசின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கலந்தால் போதும். அதில் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்த அந்த நொடியே தண்ணீரில் கண்ணைக் கழுவத் தொடங்கி, குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஹார்ட்னரையும் கோபால்ட் திரவத்தையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னரைத் தொட வேண்டும். மூன்று வரிப் பாடம் இது. இந்த மூன்று வரியைச் சுவரில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு சுண்ணாம்புக் கட்டி விலை!

பிறகு தேய்ப்பு. உப்புத்தாளின்கீழ் கண்ணாடித் தூள் பறக்கிறது. தோலில் ஒட்டினால் இரவெல்லாம் அரிப்பு. மூச்சில் போனால் இருமல். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும். தூசி முகமூடி போட்டால் மூச்சுப் பிழைக்கும். ஆனால் பையனுக்கு யார் சொன்னார்கள்? அவன் கற்றதெல்லாம் அண்ணன் செய்ததைப் பார்த்து. அந்த அண்ணன் கற்றது இன்னோர் அண்ணனைப் பார்த்து. வித்தையும் அப்படியே வந்தது; இருமலும் அப்படியே வந்தது!

நெருப்புக்குத் தெரியாது நிறமும் விலையும்

செய்பவன் துன்பம் இது. அமர்பவன் துன்பம் வேறு. 2013 அக்டோபர் 30ஆம் நாள், பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பேருந்து மகபூப்நகர் மாவட்டத்தில் பாலச் சுவரில் மோதித் தீப்பற்றியது. 45 உயிர்கள் கருகின. 2025 அக்டோபர் 14ஆம் நாள், ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து புறப்பட்ட பேருந்து எரிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்தே நாளில், அதே மாதம் 24ஆம் நாள், கர்நூல் அருகே இன்னொரு பேருந்து. பயணிகள் 19 பேர் மாண்டனர்.

இந்த நெருப்புகளை ஃபைபர் பலகை மூட்டியது என்று நான் சொல்லவில்லை, சொல்வது அறிவாகாது. ஆனால் தீ எதனால் மூண்டாலும், அது எத்தனை நிமிடத்தில் வண்டி முழுவதும் பரவும், எவ்வளவு புகை கக்கும், ஓடித் தப்ப எத்தனை நொடி கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பலகையும் துணியும் ரெக்சினுமே. சாதாரணப் பாலியெஸ்டர் ரெசின் எரிந்தால் கரும்புகை கக்கும். வண்டியின் உட்பொருள் எரியும் வேகம் நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 15061 சொல்கிறது. தீயை அடக்கும் ரெசினும் இருக்கிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடியைக் கலந்தால், சூட்டில் அது நீராவியை விட்டுத் தீயின் வேகத்தைத் தணிக்கும். வழி இருக்கிறது! விலைதான் கொஞ்சம் கூடும். "அதெல்லாம் வேண்டாம் அண்ணே, பளபளப்பா இருந்தாப் போதும்" என்கிறார் வண்டிக்காரர். பளபளப்புக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பவர், பாதுகாப்புக்கு நூறு கொடுக்க யோசிக்கிறார்!

இன்னும் மூன்று செய்திகள். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். இல்லையேல் கம்பி உரசிய இடம் கொள்ளியாகும். பேருந்தின் அவசர வழியைப் பலகையோ பெட்டியோ மறைக்கவே கூடாது. காரின் கூரை ஓரத்திலும் இருக்கை ஓரத்திலும் ஒளிந்திருக்கும் காற்றுப்பையின்மேல் பலகை அடைத்தால், உயிர் காக்க விரிய வேண்டிய பை விரியாது. இந்த மூன்றும் பட்டறையில் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் தெரிந்திருக்கும்!

தண்டிக்கச் சட்டம் உண்டு, வழிகாட்ட?

சட்டம் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது.

தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேருந்தின் உயரத்தைக் கூட்டி, அவசர வழியை அடைத்து, படுக்கையைப் பெருக்கிப் பணம் பண்ணுகிறவனைத் தண்டியுங்கள், இருமடங்கு தண்டியுங்கள்! ஆனால், கதவில் ஓர் ஒலிப்பெட்டி வைப்பவனுக்கு, "இது ஆகும், இது ஆகாது, இந்த ரெசின் வேண்டும், இந்த ஃபியூஸ் வேண்டும்" என்று தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் ஒட்டுவது அரசுக்கு ஆகாத காரியமா? எல்லை எது என்று சொல்லாமல், தாண்டினாய் என்று பிடிப்பது நீதியாகாது. அச்சத்தில் நடக்கும் தொழில் இருட்டுக்குள் ஒளியும். இருட்டில் ஒளிந்த தொழிலில் முகமூடியும் இராது, ஃபியூஸும் இராது.

பற்றவைப்பவனுக்குப் பள்ளி கண்ட ஊர்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்காதீர்கள். நடந்திருக்கிறது, இதே திருச்சியில் நடந்திருக்கிறது!

1928இல் பொன்மலையில் ரயில்வே பணிமனை வந்தது. தலைமுறை தலைமுறையாக இரும்பை வளைக்கும் கைகளை அது இந்த ஊருக்குத் தந்தது. 1965இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் வந்தது. கொதிகலன் செய்ய வேண்டும். கொதிகலன் குழாயில் ஓர் இணைப்புப் பிசகினாலும் ஆபத்து. என்ன செய்தார்கள்? வெல்டிங் தெரிந்தவன் எவனோ வரட்டும் என்று விட்டார்களா? இல்லை! வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை 1975இல் அந்த வளாகத்திலேயே கண்டார்கள். ஆராய்ந்தார்கள், பயிற்சி தந்தார்கள், தேர்வு வைத்தார்கள், தேறியவனுக்குச் சான்றிதழ் தந்தார்கள். இன்று திருச்சிப் பகுதியிலிருந்து சான்றிதழோடு போகும் வெல்டர் வளைகுடா நாட்டிலும் சிங்கப்பூரிலும் தலை நிமிர்ந்து நிற்கிறார். அவர் முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடிக் கவசம் உண்டு. கைக்குத் தோலுறை உண்டு. வேலைக்கு மதிப்பு உண்டு. அவர் கை மட்டும் வேறு களிமண்ணால் ஆனதா? பள்ளி இருந்தது, உயர்ந்தார். ஃபைபர்காரனுக்குப் பள்ளி இல்லை, இருமுகிறான்!

பள்ளி காணாமல் விட்டால் என்னாகும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி உண்டு. திருச்சியின் செயற்கை வைரம் ஒரு காலத்தில் நாடறிந்த பொருள். குடிசை குடிசையாகக் கல்லுக்குப் பட்டை தீட்டினார்கள். இயந்திரத்தில் தீட்டிய மலிவான கல் வெளிநாட்டிலிருந்து வந்தது; கையை நம்பிய தொழில் தேய்ந்தது. திறமை குறைந்ததாலா? இல்லை! திறமைக்குப் பின்னால் பயிற்சியும் கருவியும் அமைப்பும் நிற்காததால்! ஃபைபர் தொழிலும் அப்படித் தேய வேண்டுமா? சாய்தளத்தில் நிற்கும் வண்டி அது. இன்றே கல்லைப் போட்டு நிறுத்தாவிட்டால் நாளை நம் கைக்கு எட்டாது.

ஆகவே கேட்கிறோம். பிச்சையாக அல்ல, உரிமையாகக் கேட்கிறோம்.

முதலாவது, ஏற்கெனவே பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு மாலைநேர வகுப்பு. திருவெறும்பூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. சென்னைக் கிண்டியில் 1968இல் தொடங்கிய மத்திய பெட்ரோகெமிக்கல்ஸ் பொறியியல் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, மூன்று மாதம், தமிழில், செய்முறையோடு கற்றுத் தரட்டும். பத்தாம் வகுப்புத் தேறியவன்தான் வரலாம் என்று கதவடைக்காதீர்கள். கை தேர்ந்தவன் வரட்டும்! தேர்வு வையுங்கள், தேறியவனுக்குச் சான்றிதழ் கொடுங்கள்.

இரண்டாவது, முகமூடி, கையுறை, கண்ணாடி, தரைமட்ட விசிறி ஆகியவற்றைச் சிறு பட்டறைகள் வாங்க மானியம். தறிக்கு மானியம் தருகிற அரசு, மூச்சுக்கும் மானியம் தரலாம்.

மூன்றாவது, அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் நலவாரியம் இருக்கிறது. வாகனத்துக்குப் பலகை வார்ப்பவர்களும் பெட்டி செய்பவர்களும் அத்தகைய வாரியத்தில் ஒருவர் விடாமல் பதிவாக வேண்டும். அதிகாரி பட்டறைக்கு வரட்டும். அபராதத் தாளோடு அல்ல, பதிவுப் படிவத்தோடு!

நான்காவது நமக்கு. வண்டிக்குப் பலகை செய்யக் கொடுக்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: "தீயடக்கும் ரெசின்தானே? தம்பிகளுக்கு முகமூடி இருக்கிறதா?" இல்லை என்றால், இருக்கும் பட்டறைக்குப் போங்கள். இருக்கிறது என்றால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

தோழர்களே! இந்தத் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியதல்ல. இன்ன குலத்துக்கு இன்ன வேலை என்று எவரும் எழுதிவைக்காத தொழில் இது. கற்க விரும்பியவன் கற்கலாம், கை வந்தவன் செய்யலாம். அப்படிப்பட்ட தொழிலை வளர்க்காமல் வேறு எதை வளர்க்கப் போகிறோம்?

கண்ணாடி இழைக்குப் பிசின் துணை நின்றது, பலகை பிறந்தது. கைத்திறனுக்கு அரசும் மக்களும் துணை நிற்கட்டும், தொழில் பிறக்கும். ஓசை வழியாமல் இருக்க உறை செய்கிறவன் அவன். அவன் மூச்சு வழியாமல் இருக்க ஓர் உறை நாம் செய்வோம்! அதற்கு விஞ்ஞானி வேண்டாம். நெஞ்சில் ஈரம் இருந்தால் போதும்!